வேர்டுரெஃபரன்ஸ் ஆங்கிலம்–ஸ்பானிஷ் அகராதி: கிருஷ்ணகிரியிலிருந்து ஒரு மதிப்புரை

கிருஷ்ணகிரி, பர்கூர், காவேரிப்பட்டணம் வட்டாரத்து மாம்பழக்கூழ் ஆலைகளுக்கும், கிரானைட் நிறுவனங்களுக்கும், ஓசூர்ப் பக்கத்து ரோஜாத் தோட்டங்களுக்கும் வெளிநாட்டு வாங்குநர்கள் உண்டு. கடிதப் போக்குவரத்து பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே முடிந்துவிடும். ஆனால் ஸ்பெயினிலோ மெக்சிகோவிலோ இருக்கும் வாங்குநர் ஒருவர் அமைந்துவிட்டால், டின்னில் ஒட்டும் லேபிளும், விலைப்பட்டியலும், சில சமயம் கடிதங்களும் ஸ்பானிஷ் மொழியில் வேண்டும் என்ற கோரிக்கை பின்னாலேயே வந்து சேரும். அத்தகைய வேலைகளை எழுதிக் கொடுப்பவன் என்ற முறையில், என் மேசையில் எப்போதும் திறந்தே இருக்கும் வேர்டுரெஃபரன்ஸ் இணைய அகராதியைப் பற்றி, இதே வேலையில் இறங்க நினைக்கும் நம் பகுதி இளைஞர்களுக்காக விரிவாக எழுத விரும்புகிறேன்.

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திவிட வேண்டும். தமிழில் நினைத்து ஸ்பானிஷில் எழுதுகிற நமக்கு நடுவில் ஆங்கிலம் இருக்கிறது. முதலாளி தமிழில் சொல்வதை மேலாளர் ஆங்கிலத்தில் எழுதுகிறார்; அந்த ஆங்கிலத்தை நாம் ஸ்பானிஷ் ஆக்குகிறோம். பிழை நேரும்போது எல்லோரும் ஸ்பானிஷைத்தான் குறை சொல்கிறார்கள். நான் பார்த்த பிழைகளில் பெரும்பாலானவை ஸ்பானிஷில் பிறந்தவை அல்ல. இரண்டு மூன்று பொருளைச் சுமந்து நிற்கும் ஓர் ஆங்கிலச் சொல்லை எந்தப் பொருளில் எழுதினோம் என்று கேட்டுக்கொள்ளாததால் பிறந்தவை. ஆகவே ஓர் அகராதி எத்தனை லட்சம் சொற்களைக் கொண்டிருக்கிறது என்பதைவிட, அந்தக் கேள்வியை நம்மிடம் கேட்கிறதா என்பதே எனக்கு முக்கியம். வேர்டுரெஃபரன்ஸ் கேட்கிறது.

மைக்கேல் கெல்லாக் என்ற அமெரிக்கர் 1999-இல் தொடங்கிய தளம் இது. கட்டணம் கிடையாது, விளம்பரங்களின் வருவாயில் நடக்கிறது. கைப்பேசிச் செயலியும் உண்டு. ஓர் ஆங்கிலச் சொல்லைத் தட்டினால் மூன்று பத்திகள் கொண்ட அட்டவணை விரிகிறது. இடப்பக்கம் ஆங்கிலச் சொல்லும் அதன் இலக்கண வகையும், வலப்பக்கம் ஸ்பானிஷ் சொல்லும் அது ஆண்பாலா பெண்பாலா என்ற குறியும் இருக்கும். இவை எல்லா அகராதியிலும் இருப்பவைதான். இந்த அகராதியின் உயிர் நடுப்பத்தியில் இருக்கிறது. அங்கே அடைப்புக்குறிக்குள், எந்தப் பொருளுக்கு இந்த மொழிபெயர்ப்பு என்பதை ஓரிரு சொற்களில் சொல்லிவிடுகிறார்கள். பல வரிகளின் கீழே ஆங்கில எடுத்துக்காட்டு வாக்கியம் ஒன்றும் அதன் ஸ்பானிஷ் வடிவமும் சாய்வெழுத்தில் வருகின்றன. அவசரத்தில் இருப்பவர்கள் நடுப்பத்தியைத் தாண்டி வலப்பக்கத்துக்கு ஓடிவிடுகிறார்கள். இந்த அகராதியைப் பயன்படுத்தத் தெரிந்தவருக்கும் தெரியாதவருக்கும் உள்ள வேறுபாடு அந்த நடுப்பத்தியில் கண் நின்றதா என்பதுதான்.

வணிகக் கடிதத்தில் அன்றாடம் வரும் ‘ஆர்டர்’ என்ற சொல்லையே எடுத்துக்கொள்வோம். வரிசை, ஒழுங்கு என்ற பொருளில் அது ஸ்பானிஷில் ‘எல் ஓர்தென்’, ஆண்பால். கட்டளை என்ற பொருளில் அதே எழுத்துகள்தான், ஆனால் ‘லா ஓர்தென்’, பெண்பால். சரக்கு வேண்டும் என்று வாங்குநர் அனுப்பும் ஆர்டருக்கோ முற்றிலும் வேறான ‘பெதீதோ’ என்ற சொல் இருக்கிறது. ‘கேட்டு வாங்குதல்’ என்று பொருள்படும் ‘பெதீர்’ என்ற வினையிலிருந்து வந்தது. லத்தீன் அமெரிக்காவில் ‘ஓர்தென் தே கொம்ப்ரா’ என்றும் எழுதுவார்கள், அதுவும் சரியே. ஆனால் ‘உங்கள் ஆர்டர் கிடைத்தது, நன்றி’ என்று எழுத வந்தவர் வெறும் ‘ஓர்தென்’ என்று எழுதிவிட்டால், ஸ்பெயின்காரர் காதில் அது ‘உங்கள் கட்டளை கிடைத்தது’ என்றுதான் முதலில் விழும். அட்டவணையில் இந்த மூன்றும் தனித்தனி வரிகளாக நிற்கின்றன, பாலும் குறிக்கப்பட்டிருக்கிறது. எல், லா என்ற ஒற்றைச் சிறுசொல்லில் பொருளே மாறும் மொழிக்கு, பால் குறிக்காத அகராதி எவ்வளவு தடிமனாக இருந்தாலும் பயனில்லை.

‘பில்’ என்ற சொல்லும் இப்படித்தான். நிறுவனம் அனுப்பும் பில் ‘ஃபக்தூரா’. உணவகத்தில் சாப்பிட்டபின் வரும் பில் ‘குவென்தா’. அமெரிக்கர்கள் பில் என்று சொல்லும் ரூபாய்நோட்டு போன்ற பணத்தாள் ‘பிய்யேதே’. சட்டமன்றத்தில் வைக்கும் மசோதா வேறு, பறவையின் அலகு வேறு. ‘டேட்’ என்றால் நாட்காட்டித் தேதிக்கு ‘ஃபேச்சா’, குறித்த நேரத்தில் ஒருவரைச் சந்திப்பதற்கு ‘சீதா’, பேரீச்சம்பழத்துக்கு ‘தாத்தில்’. தருமபுரி, கிருஷ்ணகிரிப் புளி வணிகர்களுக்கு இதில் ஒரு சுவையான செய்தி இருக்கிறது. ஸ்பானிஷில் புளியின் பெயரான ‘தமரிந்தோ’, ‘இந்தியப் பேரீச்சை’ என்று பொருள்படும் அரபுத் தொடரிலிருந்து சென்றது. நம் புளிக்கு அவர்கள் மொழியில் தேடிப் பிடிக்க வேண்டிய சிரமமே இல்லை.

லேபிள் வேலைக்கு வருகிறேன், ஏனெனில் அங்கேதான் ஒரு சொல்லின் விலை அதிகம். கடிதத்தில் நேர்ந்த பிழையை அடுத்த கடிதத்தில் திருத்தலாம். டின்னில் அச்சாகி, கப்பலேறிய பிழையை யாரும் திருத்த முடியாது. ஒரு பழக்கூழ் ஆலையின் லேபிள் மாதிரி சரிபார்ப்புக்காக என்னிடம் வந்தது. முகப்பில் பழத்தின் படம், அதன் கீழே ‘புல்பா தே மாங்கோ’ என்று சரியாகவே இருந்தது. வலது ஓரத்தில், பச்சை வட்டத்துக்குள், பெரிய எழுத்தில் ‘சின் பிரெசெர்வாத்தீவோஸ்’ என்று போட்டிருந்தார்கள். பதப்படுத்தும் பொருள் எதுவும் சேர்க்கப்படவில்லை என்று அறிவிப்பதே நோக்கம். ஆங்கிலத்தில் அதற்கு ‘பிரிசர்வேட்டிவ்’ என்று பெயர் என்பதால், உருவத்தில் ஒத்த ஸ்பானிஷ் சொல்லை வடிவமைப்பாளர் எடுத்துப் போட்டுவிட்டார். ஸ்பானிஷில் அந்தச் சொல் குறிப்பது ஆணுறையை. குடும்பத்தோடு கடைக்கு வரும் ஒருவர் கையில் அந்த டின் போயிருந்தால் என்ன ஆகும் என்பதை விளக்க வேண்டியதில்லை. நல்லவேளையாக அது அச்சுக்குப் போகவில்லை.

இங்கே வேர்டுரெஃபரன்ஸ் எப்படி உதவுகிறது என்பதைப் படிப்படியாகச் சொல்கிறேன். ஆங்கிலச் சொல்லைத் தட்டி, உணவில் சேர்க்கும் பொருள் என்று குறிப்புள்ள வரியைப் பார்த்தால் ‘கொன்செர்வாந்தே’ கிடைக்கும். அதோடு நிறுத்தக் கூடாது. திசையை மாற்றி, ஸ்பானிஷிலிருந்து ஆங்கிலத்துக்கு என்று வைத்து, கிடைத்த சொல்லையும் மனத்தில் முன்பே இருந்த சொல்லையும் தனித்தனியே தட்டிப் பார்க்க வேண்டும். ‘பிரெசெர்வாத்தீவோ’ என்று தட்டிய மறுகணமே உண்மை வெளிப்பட்டுவிடும். இந்தத் திருப்பிப் பார்க்கும் பழக்கத்தை என்னிடம் கற்றுக்கொள்ள வருபவர்களிடம் முதல் நாளே கட்டாயமாக்கி விடுகிறேன். மெக்சிகோவுக்குப் போகும் சரக்கு என்றால் இன்னொரு படி உண்டு: அங்கே உணவு லேபிள்களில் ‘கொன்செர்வதோர்’ என்ற சொல்லே பெருவழக்கு. அரசியலில் பழமைவாதியைக் குறிக்கும் சொல்லும் அதுதான் என்பதால் புதியவர்கள் தயங்குவார்கள், தயங்க வேண்டியதில்லை. எந்த நாட்டில் எந்தச் சொல் என்பதற்கான சுருக்கக் குறிகளை அகராதி பல இடங்களில் தருகிறது. ஒலிப்பிலும் ஸ்பெயின், மெக்சிகோ முதலிய நாடுகளின் உச்சரிப்பைத் தனித்தனியே கேட்கலாம்.

‘புல்பா’ என்று எழுதும்போது கடைசி எழுத்தில் கவனம் வேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ‘ஆ’ ஒலி ‘ஓ’ ஒலியாகிப் ‘புல்போ’ என்று ஆனால் அது எட்டுக்கால்களை உடைய கடல் உயிரினம். பழக்கூழ் நிரப்பும் டிரம்மும் கவனத்துக்குரியது. இசைக்கும் மேளமும் இரும்புப் பீப்பாயும் ஆங்கிலத்தில் ஒன்றே. பீப்பாய்க்கு ஸ்பெயினில் ‘பிதோன்’ என்பார்கள். லத்தீன் அமெரிக்காவில் பல இடங்களில் மேளத்தின் பெயரான ‘தம்போர்’ என்பதையே சொல்வார்கள். ‘டின்’ என்பதை வெள்ளீயம் என்ற உலோகமாக எடுத்துக்கொண்டால் ‘எஸ்தாஞ்ஞோ’, அடைத்து விற்கும் டப்பாவாக எடுத்துக்கொண்டால் ‘லாத்தா’. இவற்றையெல்லாம் நடுப்பத்தி பிரித்துக் காட்டிவிடுகிறது.

மாம்பழத்தைப் பற்றி எழுதுகிறவர் தவிர்க்கவே முடியாத இடம் ஒன்று இருக்கிறது. ஆங்கிலத்தில் ‘இருத்தல்’ என்பதற்கு ஒரே வினை. ஸ்பானிஷில் இரண்டு: ‘செர்’, ‘எஸ்தார்’. இயல்பையும் அடையாளத்தையும் சொல்ல முன்னது. இப்போதைய நிலையையும் இருக்கும் இடத்தையும் சொல்லப் பின்னது. பாடப்புத்தகம் இவ்வளவோடு விட்டுவிடும். பெங்களூரா மாங்காயைக் கையில் வைத்துக்கொண்டு பாருங்கள். ‘எல் மாங்கோ எஸ் வெர்தே’ என்றால் அந்த மாம்பழம் பச்சை நிறமுடையது. ‘எல் மாங்கோ எஸ்தா வெர்தே’ என்றால் அது இன்னும் பழுக்கவில்லை. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே வாக்கியம். தோத்தாபுரி என்று வணிகத்தில் வழங்கும் நம் பெங்களூரா, பழுத்த பின்னும் தோலில் பச்சை கலந்தே நிற்கக்கூடிய ரகம் என்பதால், ‘பழம் பச்சையாக இருக்கும்’ என்று வாங்குநருக்கு எழுதுகிறவர் எந்த வினையைத் தேர்ந்தெடுக்கிறார் என்பதில் ஒரு கன்டெய்னரின் தலைவிதியே இருக்கிறது. ‘எஸ்தா’ என்று எழுதினால், காயை அனுப்பியிருக்கிறார்கள் என்று அவர் சண்டைக்கு வர முழு நியாயம் உண்டு. பழுத்தது என்பதற்கும் ‘எஸ்தா மதூரோ’ என்றே எழுத வேண்டும். ‘எஸ் மதூரோ’ என்பது பக்குவப்பட்ட மனிதரைப் பற்றிச் சொல்வது.

தமிழருக்கு இந்த இடத்தில் ஒரு பெரிய வசதி இருக்கிறது என்பதை நான் உறுதியாக நம்புகிறேன். நமக்கு மாங்காய் வேறு, மாம்பழம் வேறு. நிறம் பச்சை என்பதும் காயாக இருக்கிறது என்பதும் நம் பேச்சில் ஒருபோதும் கலப்பதில்லை. ஆங்கில வாக்கியத்தை வைத்துக்கொண்டு குழம்புவதற்குப் பதிலாக, அதை எழுதியவர் தமிழில் என்ன சொன்னார் என்று ஒரு தொலைபேசி அழைப்பில் கேட்டுவிட்டால், எந்த வினை என்பது தானே விளங்கிவிடும். மாங்காய் என்ற சொல்லே போர்ச்சுகீசியர் வாய்வழியாக ஐரோப்பிய மொழிகளுக்குச் சென்றது என்று சொல்லாராய்ச்சியாளர்கள் கூறுவதை இங்கே நினைத்துக்கொள்வதில் எனக்கு மகிழ்ச்சி உண்டு. ஸ்பானிஷில் ‘மாங்கோ’ என்றால் கத்தி, வாணலி போன்றவற்றின் கைப்பிடி என்ற பொருளும் இருக்கிறது. அது லத்தீனிலிருந்து வந்த வேறு சொல். உருவம் மட்டும் ஒன்று.

தமிழை முதலில் கேட்டுக்கொள் என்ற இந்த வழி பல சொற்களுக்குப் பொருந்துகிறது. ‘கார்னர்’ என்பதை ஸ்பானிஷ் இரண்டாகப் பிரிக்கிறது: வெளியிலிருந்து பார்க்கும் முனை ‘எஸ்கீனா’, உள்ளே ஒடுங்கும் மூலை ‘ரின்கோன்’. நாமும் தெருமுனை என்கிறோம், அறையின் மூலை என்கிறோம். ‘டைல்’ என்பது கூரையில் ஏறினால் ‘தேஹா’, தரையில் பதித்தால் ‘பல்தோசா’, சுவரில் ஒட்டும் பளபளப்பான ஓடு ‘அசுலேஹோ’. கிரானைட் நிறுவனத்தின் விலைப்பட்டியலில் தரைக்கல்லுக்குத் ‘தேஹா’ என்று இருந்தால், வாங்குநர் அதைக் கூரை ஓடு என்றே படிப்பார். ஓசூர் ரோஜாக்களுக்கு வரும் ‘பன்ச்’ என்ற சொல் இன்னும் அழகானது. பூக்களுக்கு ‘ராமோ’, திராட்சைக்கும் வாழைக்கும் ‘ராசீமோ’, சாவிகளுக்கும் கீரைக்கும் ‘மனோஹோ’. நம்மிடம் பூங்கொத்து, வாழைத்தார், சீப்பு, தேங்காய்க் குலை, கீரைக்கட்டு என்று அதைவிட நுட்பமான பிரிவினை இருக்கிறது. தருமபுரி பட்டுக்கூடு அங்காடிக்குப் போய்வரும் நண்பர்களுக்கு ஒரு சிறு செய்தி: ரோஜாவின் மொட்டுக்கும் பட்டுக்கூட்டுக்கும் ஸ்பானிஷில் ‘கபூய்யோ’ என்ற ஒரே சொல்தான்.

எல்லா இடத்திலும் தமிழ் காப்பாற்றும் என்று சொல்லிவிட முடியாது. ‘கேள்’ என்ற நம் சொல் கேள்வி கேட்பதையும், ஒரு பொருளைத் தரும்படி கேட்பதையும், காதால் கேட்பதையும் சுமக்கிறது. ஸ்பானிஷில் கேள்வி கேட்பது ‘பிரெகுந்தார்’, தரும்படி கேட்பது ‘பெதீர்’. ஆங்கிலமும் முதல் இரண்டையும் ஒரே சொல்லில் அடக்குவதால், விலை கேட்டோம் என்பதும் தள்ளுபடி கேட்டோம் என்பதும் நம்மவர் கையில் ஒரே வினையாகிவிடுகின்றன. விலை என்ன என்று விசாரித்தால் முன்னது, தள்ளுபடி தாருங்கள் என்றால் பின்னது. மீனும் அப்படியே: நீரில் நீந்துவது ‘பெஸ்’, பிடித்துச் சமையலுக்கு வந்தது ‘பெஸ்காதோ’. தமிழும் ஆங்கிலமும் இங்கே பிரிப்பதில்லை. கே.ஆர்.பி. அணைப்பக்கம் வறுத்துத் தருவது எது என்று நினைத்துக்கொண்டால் மறக்காது.

அடுத்து, இந்த அகராதியால் தீர்க்க முடியாத, ஆனால் நம் ஊரில் மிகுதியாக இருக்கும் ஒரு சிக்கல். நம் அலுவலக ஆங்கிலம் தனியானது. ‘கப்பலின் பெயரை அட்வைஸ் செய்யவும்’ என்று எழுதுகிறோம். அறிவியுங்கள் என்பதே அங்கே பொருள். ஆகவே ‘இன்ஃபொர்மார்’ அல்லது ‘இந்திகார்’ என்ற வினை வேண்டும். அகராதியில் முதலில் கண்ணில் படும் ‘அகொன்செஹார்’ என்பதை எடுத்தால், கப்பல் பெயரைப் பற்றி அறிவுரை கூறும்படி வேண்டுகிறோம் என்று ஆகும். ‘விரைவில் ரிவர்ட் செய்யுங்கள்’ என்றால் நம்மவர்களுக்கு மறுமொழி தாருங்கள் என்று பொருள். ஸ்பானிஷின் ‘ரெவெர்தீர்’ பழைய நிலைக்குத் திரும்புவதைச் சொல்வது. ‘பணத்தை எஃபெக்ட் செய்துவிட்டோம்’ என்ற பழைய வங்கிநடைக்கு மட்டும் ‘எஃபெக்துவார் எல் பாகோ’ என்று நேரான தொடர் இருக்கிறது; அதையும் ஒலி நெருக்கத்தால் ‘அஃபெக்தார்’ என்று எழுதினால், பணம் செலுத்துவதைப் பாதித்துவிட்டோம் என்று பொருள் புரளும். அகராதியைத் திறப்பதற்கு முன்னரே, நம் கடிதநடை ஆங்கிலத்தை எளிய ஆங்கிலமாக்கிக் கொள்வது மொழிபெயர்ப்பாளரின் பொறுப்பு. இந்த வேலைக்கு வருபவர்கள் மிகவும் அலட்சியப்படுத்துவது இதைத்தான் என்பது எனக்கு வருத்தம் தருகிறது.

எதிர்த்திசையில் ஸ்பானிஷ் ஒன்றாக்கிவிடும் சொற்களும் உண்டு. ஆங்கிலத்தில் ‘இன்ஷூர்’ என்றால் காப்பீடு செய்வது, ‘என்ஷூர்’ என்றால் உறுதிசெய்வது, ‘அஷூர்’ என்றால் உறுதி கூறுவது. மூன்றுக்கும் ஸ்பானிஷில் ‘அசெகுரார்’ நிற்கும். சரக்கு நல்ல நிலையில் வந்துசேர்வதை உறுதிசெய்கிறோம் என்று எழுத நினைத்து, ‘அசெகுராமோஸ் லா மெர்கன்சீயா’ என்று சுருக்கி எழுதிவிட்டால், சரக்குக்கு நாங்கள் காப்பீடு செய்கிறோம் என்று அது படிக்கப்படும். காப்பீட்டுச் செலவு யாருடையது என்பதே ஒப்பந்தத்தின் மையமாக இருக்கும் ஏற்றுமதியில் இது சிறிய விஷயம் அல்ல. உறுதிசெய்வதற்குக் ‘கரந்திசார்’ என்ற வினையை வைத்துக்கொண்டு, ‘அசெகுரார்’ என்பதைக் காப்பீட்டுக்கு மட்டும் ஒதுக்குவது என் வழக்கம்.

எழுத்துக்கூட்டலில் மயக்கும் ஆங்கிலச் சொற்கள் தனிக் கூட்டம். ‘ஸ்டேஷனரி’ என்று நாம் ஒரே மாதிரி சொல்வதில், நடுவே ஓர் எழுத்து மாறினால் ஒன்று அசையாமல் நிற்பது, மற்றொன்று தாள், பேனா விற்கும் பொருள்வகை. ஸ்பானிஷில் ‘எஸ்தசியொனாரியோ’, ‘பபெலெரீயா’. ‘பிரின்சிபல்’ என்று ஒலிக்கும் இரண்டும், ஒன்று முதன்மையானது, மற்றொன்று கொள்கை, அப்படியே. ‘கஸ்டம்’ என்பது வழக்கம் என்றால் ‘கொஸ்தும்பிரே’. கடைசியில் ஓர் எழுத்து சேர்ந்து சுங்கம் ஆனால் ‘அதுவானா’. அதே ‘கஸ்டம்’, வாங்குநர் கேட்ட அளவில் கல் அறுத்துத் தருவதைக் குறித்தால் ‘ஆ மெதீதா’. தவறான எழுத்தைத் தட்டினால் அகராதி தவறான சொல்லைத்தான் தரும். ஆனால் நடுப்பத்தியில் ‘அசையாதது’ என்ற குறிப்பைக் கண்டதும், கவனமுள்ளவர் நின்றுவிடுவார்.

ஒற்றைச் சொல்லைக் கொடுத்தவுடன் ஒற்றை விடையை நீட்டும் இயந்திர மொழிபெயர்ப்புச் சேவைகளைவிட இந்த அகராதியை நான் விரும்புவதற்குக் காரணமும் இதுவே. முழு வாக்கியத்தைக் கொடுத்தால் இயந்திரங்கள் இன்று மிக நன்றாகவே செய்கின்றன. ஆனால் லேபிளில் வாக்கியம் ஏது? தனித்தனிச் சொற்கள்தான் இருக்கும். சூழல் இல்லாத சொல்லுக்கு எந்த இயந்திரமும் ஊகித்துத்தான் சொல்ல வேண்டும்.

ஸ்பானிஷ் ஓரளவு பழகியபின் இன்னொரு துணையும் தேவை. 1713-இல் மாட்ரிடில் நிறுவப்பட்ட அரச ஸ்பானிஷ் அகாதெமியின் அகராதி இணையத்தில் கட்டணமின்றிக் கிடைக்கிறது. அதன் 23-ஆம் பதிப்பு 2014-இல் வந்தது. அது ஸ்பானிஷுக்கு ஸ்பானிஷிலேயே பொருள் சொல்வது. வேர்டுரெஃபரன்ஸில் தேர்ந்த சொல்லை அங்கே வைத்துப் பார்த்தால் ஐயம் முற்றிலும் நீங்கும். தொடக்கத்தில் இருப்பவர்களுக்கு அது கடினம் என்பதால் அவர்களை அங்கே அனுப்ப மாட்டேன்.

வேர்டுரெஃபரன்ஸின் குறைகளையும் சொல்ல வேண்டும். அதில் தமிழ் இல்லை. துருக்கி, கிரேக்கம், கொரிய மொழிகள் வரை இடம்பெற்றுள்ள தளத்தில் நம் மொழிக்கு இடம் இல்லாதது வருத்தமே. நடுப்பத்திக் குறிப்புகள் ஆங்கிலத்தில் இருப்பதால், ஆங்கிலம் வலுவாக இல்லாதவருக்கு அந்தக் குறிப்பே இன்னொரு புதிராகலாம். பொதுவழக்குப் பொருள் மேலேயும் தொழில்சார்ந்த பொருள் கீழேயும் இருப்பதால், முதல் வரியோடு எழுந்துவிடும் பழக்கமுள்ளவர்களுக்கு இது ஏற்றதல்ல. ஐந்து புள்ளிக்கு நான்கு தருவேன். கழித்த ஒரு புள்ளி தமிழின்மைக்கு.

ஆங்கிலத்தின் வழியே போவதால் நாம் இழக்கும் ஒன்றை எந்த ஆங்கில அகராதியும் மீட்டுத் தராது. நமக்கு நீ, நீங்கள் என்ற வேறுபாடு இரத்தத்தில் ஊறியது. ஸ்பானிஷிலும் ‘தூ’, ‘உஸ்தெத்’ என்று அதே வேறுபாடு இருக்கிறது. நடுவில் நிற்கும் ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ‘யூ’. முதலாளி தமிழில் ‘நீங்கள்’ என்று மரியாதையாகச் சொன்னது, ஆங்கிலத்தில் நிறமிழந்து, ஸ்பானிஷில் ‘தூ’ என்று இறங்கிவிடக் கூடாது. அறிமுகமாகாத வாங்குநருக்கு, அதிலும் மெக்சிகோ, கொலம்பியா போன்ற நாடுகளில் இருப்பவருக்கு, ‘உஸ்தெத்’ என்றே எழுதுங்கள். வினைமுடிவும் அதற்கேற்ப மாறும்.

எண்களில் மயக்கம் வந்தால் இழப்பு நேரடியானது. ஆங்கிலத்தில் ஒரு பில்லியன் என்பது நூறு கோடி. ஸ்பானிஷின் ‘பிய்யோன்’ ஒரு லட்சம் கோடி. நூறு கோடிக்கு அவர்கள் ‘மில் மிய்யோனெஸ்’ என்பார்கள். ஸ்பெயினில் தசமப் புள்ளிக்குப் பதில் காற்புள்ளி இடுவது வழக்கம் என்பதால் 3.1 கிலோ டின்னில் 3,1 என்று போட வேண்டும். மெக்சிகோவுக்குப் புள்ளியே சரி.

இறுதியாகக் காலாவதித் தேதி. தேதி கடந்தால் உண்ணக் கூடாது என்பதும், அந்தத் தேதிவரை தரம் சிறப்பாக இருக்கும் என்பதும் வெவ்வேறு அறிவிப்புகள். ஐரோப்பிய ஒன்றியத்தின் 1169/2011 எண் விதிமுறை இவ்விரண்டையும் பிரிக்கிறது. முன்னதற்கு ஸ்பெயினில் ‘ஃபேச்சா தே கதுசிதாத்’. நெடுநாள் கெடாத டின் பொருள்களுக்குப் பின்னதுதான் பொருந்தும், அதற்கு ‘கொன்சுமீர் பிரெஃபெரெந்தெமெந்தெ அந்தெஸ் தே’ என்று தொடங்கும் வாசகம் இருக்கிறது. லத்தீன் அமெரிக்காவிலோ ‘வென்சிமியெந்தோ’ என்ற சொல் பரவலாக வழங்குகிறது. இவை சட்டம் வகுத்த வாசகங்கள் என்பதால் அகராதியைப் பார்த்து நாமாக எழுதக் கூடாது. லேபிளின் இறுதிப் படியை அச்சகத்துக்கு அனுப்பும் முன் வாங்குநருக்கு அனுப்பி, அந்த நாட்டு விதிக்கு ஏற்றதுதான் என்று எழுத்தில் ஒப்புதல் பெற்றுக்கொள்ள வேண்டும். அந்த ஒப்புதல் வரும்வரை அச்சகத்துக்கு முன்பணம்கூடக் கொடுக்க வேண்டாம் என்று ஆலைக்காரர்களிடம் சொல்லிவிடுகிறேன்.